ஒரு கிண்ணம் போதும்

என் மகளுக்குப் பசையைத் தின்னக் கொடுத்தவன் நான். கையால் ஊட்டவில்லை. என் தரப்பில் சொல்வதற்கு அது ஒன்றுதான் உண்டு.

காலையில் பாலில் போட்டுத் தின்கிற தானிய சீரியலின் பெட்டி முகப்பில் ஒரு கிண்ணம் இருக்குமே, வளையங்கள் மிதக்க, பால் தளும்ப, ஓரத்தில் காலை வெயில் பட. அதில் இருப்பது பால் இல்லை. பாலில் போட்ட வளையம் நாலே நிமிடத்தில் ஊறி, முகம் செத்து, முங்கிவிடும். படம் எடுப்பவருக்கோ விளக்கைத் திருப்பி வைக்கவே அரைமணி நேரம் வேண்டும். ஆகவே பள்ளியில் பிள்ளைகள் காகிதம் ஒட்டுகிற வெள்ளைப் பசையைக் கிண்ணத்தில் ஊற்றி, வளையங்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக நட்டு வைப்பார்கள். சாயங்காலம் வரை அது அப்படியே சிரித்துக்கொண்டிருக்கும்.

நான் படம் எடுப்பவன் இல்லை, பெட்டியில் எழுதுகிறவன். மிச்சிகனில் எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப் பேர் வேலை பார்க்கும் ஹார்மன் க்ரீக் மில்ஸ் கம்பெனியில், பெட்டியின் முதுகில் உள்ள புதிர், விலாவில் உள்ள வாசகம், நெற்றியில் உள்ள ஆச்சரியக்குறி எல்லாம் பதினெட்டு வருடமாக என் கைவேலை. பெயர் வெஸ் ஹூக்ஸ்ட்ரா. யாருக்கும் தெரியாது. ஆனால் இந்த நாட்டில் வளர்ந்தவர்களில் பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில் என்னைப் படித்திருக்கிறார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை படப்பிடிப்பு முடிந்ததும் கிண்ணத்தைக் குப்பையில் போடப் போனார்கள். நல்ல நீலக் கிண்ணம். கழுவிக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு எடுத்து வந்தேன். பசை காய்ந்தால் கழுவுவது கஷ்டம் என்று மேலே மெல்லிய உறை போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். ஃபிரிட்ஜில் உறை போட்டு மூடிய சீரியல் கிண்ணத்தைப் பார்த்தால் மனிதர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. மனிதர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசிப்பதற்குத்தான் கம்பெனி என்னை வைத்திருக்கிறது.

சனிக்கிழமை காலை மார்னி ஓட்டப் பயிற்சி முடிந்து வந்தாள். வயது பதினாறு, பள்ளி அணியில் ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவள். நான் சமையலறைக்குள் நுழைந்தபோது அவள் ஃபிரிட்ஜ் கதவைக்கூட மூடாமல், நின்றபடியே, மூன்றாவது கரண்டியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். கரண்டி பாதி வழியில் நின்றது.

"அப்பா, பால் கெட்டுப்போச்சு," என்றாள். உதடு சரியாகப் பிரியவில்லை.

விஷம் தின்றால் கூப்பிட வேண்டிய எண் ஃபிரிட்ஜ் காந்தத்திலேயே இருந்தது. மறுமுனையில் ஓர் அம்மாள், அவசரமே படாத குரல்.

"எவ்வளவு சாப்பிட்டாங்க?"

"ரெண்டு கரண்டி. மூணாவது பாதி."

"அந்தப் பசை ஒண்ணும் பண்ணாதுங்க. வாயைக் கொப்புளிச்சுட்டு தண்ணி குடிக்கச் சொல்லுங்க. இதுக்கு நிறையப் பேர் கூப்பிடுறாங்க. எல்லாம் மூணு வயசு, நாலு வயசு. உங்க குழந்தைக்கு என்ன வயசு?"

"பதினாறு."

அவர் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"பதினாறு வயசுப் பொண்ணு, ரெண்டு கரண்டி உள்ள போற வரைக்கும் பசைன்னு தெரியலையா? இதுக்கு முன்னாடி கடைசியா எப்பச் சாப்பிட்டா?"

நான் மார்னியைப் பார்த்தேன். மார்னி ஃபிரிட்ஜைப் பார்த்தாள்.

"நேத்து சாயங்காலம் சாப்பிட்டிருப்பா," என்றேன்.

"சாப்பிட்டாளா, சாப்பிட்டிருப்பாளா?"

நான் ஃபிரிட்ஜ் கதவை மூடினேன்.

"சார், பசையை விட்டுத்தள்ளுங்க. முதல்ல அந்தப் பொண்ணுக்குச் சோறு போடுங்க," என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் மார்னியிடம் திரும்பி, இயன்றவரை சாதாரணமாக, "உனக்குப் பசிக்கலையே?" என்றேன்.

"இல்லையே. நல்லாத்தான் இருக்கேன்." வாயைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

'நல்லாத்தான் இருக்கேன்' என்பது பதின்வயதுப் பிள்ளைகள் கட்டும் சுவர். அதில் கதவு, ஜன்னல் எதுவும் இருக்காது.

*

என் மனைவி ஹைடி பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்யும் வேலை பார்க்கிறாள். நான் காலையில் ஊர்ப் பிள்ளைகளின் பல்லில் பூசுவதை அவள் பகலெல்லாம் சுரண்டி எடுக்கிறாள். எங்களில் ஒருவர் வேலையை விட்டால் மற்றவருக்கும் வேலை போய்விடும். எங்கள் கல்யாணம் நிலைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அவள் விருந்துகளில் சொல்வாள்.

அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

"ஒரு மாசமா நானும் பாக்குறேன், வெஸ். சாயங்காலம் கேட்டா ஜென்னா வீட்ல சாப்பிட்டேங்கறா."

ஜென்னா பக்கத்துத் தெருப் பெண், மார்னியோடு ஓடுகிறவள். அவள் அம்மாவுக்கு ஃபோன் போட்டேன்.

"உங்க வீட்ல அடிக்கடி சாப்பிடுறாளாமே, ரொம்ப நன்றி," என்றேன் நைச்சியமாக.

"எங்க வீட்லயா? எப்பக் கேட்டாலும் வீட்ல சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்னு சொல்லுவாளே. நீங்கதான் சீக்கிரமே சமைச்சிடுறீங்கன்னு நினைச்சேன்."

இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு மாதச் சாப்பாடு காணாமல் போயிருந்தது.

ஞாயிறு காலை நான் முட்டை பொரித்தேன். மார்னி, "சாப்பிட்டுட்டேன்பா" என்றாள். திங்கள் பான்கேக் சுட்டேன். சாப்பிட்டுவிட்டாளாம். செவ்வாய், வேலைக்கு நேரமாகிறது என்று தெரிந்தும், எழுந்ததும் எழாததுமாக வாஃபிள் இயந்திரத்தைச் சூடுபண்ணி, அதில் என் கட்டைவிரலையும் கொஞ்சம் சுட்டுக்கொண்டு, படிக்கட்டின் கீழே நின்று கூப்பிட்டேன்.

"மார்னி! காலையில சாப்பிட்டாச்சுல்ல?"

"ம்."

ஹைடி என் பின்னால் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். "இது என்ன கேள்வி?"

"என்ன தப்பு?"

"'சாப்பிட்டாச்சுல்ல', 'பசிக்கலையே'. பதிலையும் நீயே போட்டு அனுப்புறே. அவளுக்குத் தலையாட்டுறது ஒண்ணுதான் பாக்கி. நீ கேள்வி கேக்கல, வெஸ், விளம்பரம் பண்றே."

"அப்ப நீ கேளு."

"கேட்டேன். 'அம்மா, நீ எப்பப் பாத்தாலும் வாயைத் திறக்கச் சொல்றே'ன்னுட்டு போயிட்டா. உன்கிட்டதான் சொல்லுவா. சின்னதுல இருந்து உன் பெட்டியைத்தான படிச்சுட்டு வளந்தா?"

அது உண்மை. மார்னி எழுத்துக்கூட்டிப் படித்த முதல் வாக்கியம் நான் எழுதியது. நீர்நாய் ஒன்று விண்வெளிக் கவசம் போட்டுக்கொண்டு, 'என்னோடு பறக்க வா!' என்று சொல்லும். ஐந்து வயதில் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "இது எங்கப்பா சொன்னது" என்று கடையில் எல்லாரிடமும் பெட்டியைக் காட்டுவாள். நான் ரொட்டி அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன், வெட்கமும் கர்வமுமாக.

*

அந்த நீர்நாயின் சீரியலுக்குப் பெயர் கோமெட் ரிங்ஸ். அந்த வருடம் அதற்கு ஆரோக்கியம் பிடித்துக்கொண்டது.

அமெரிக்கப் பதின்வயதினர் காலையில் சாப்பிடுவதில்லை என்று எங்கள் துணைத் தலைவர் கென்ட் ப்ரௌவர் கண்டுபிடித்தார். அவருக்கே மூன்று பதின்வயதுப் பிள்ளைகள். இருந்தும் அதைக் கண்டுபிடிக்க வெளியூரிலிருந்து ஆய்வாளர்களை வரவழைக்க வேண்டியிருந்தது. அவர்கள் பன்னிரண்டு பிள்ளைகளை ஓர் அறையில் உட்காரவைத்து, ஏன் காலையில் சாப்பிடுவதில்லை என்று கேட்டார்கள். "தூக்கம் வருது," என்று பதினொரு பேர் சொன்னார்கள். பன்னிரண்டாவது பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. ஆய்வாளர்கள் பலகையில் 'நேரமின்மை, நம்பிக்கை, அடையாளம்' என்று எழுதினார்கள்.

அதன் விளைவாக என்னிடம் ஒரு வாசகம் கேட்டார்கள். இத்துனூண்டு கிண்ணம், அதற்குள் அத்தனை சத்து என்று பெருமையடிக்க வேண்டும். பெட்டியின் விலாவில், 'ஒரு பரிமாறல்: 40 கிராம்' என்ற வரிக்கு மேலே நான் எழுதினேன்:

ஒரு கிண்ணம் போதும்!

கென்ட் எழுந்து வந்து என் முதுகில் தட்டினார். பதினெட்டு வருடத்தில் முதல் தட்டு. இரண்டு நாள் அந்தப் பக்கமாகவே சாய்ந்து நடந்தேன்.

பசைச் சம்பவத்துக்கு முந்தின வாரம் கென்ட் என் மேசைக்கு வந்தார்.

"வெஸ் ராஜா! உம் பொண்ணு ஓடுறாளாமே? ஒல்லியா, உயரமா, பல்லெல்லாம் வரிசையா?"

"பல்லு அவங்கம்மா கைங்கரியம்."

"நீள மேசைத் திருவிழா அன்னிக்கு மேடை ஏத்திடுவோம். 'காலையில ஒரு கிண்ணம் கோமெட் ரிங்ஸ், மதியம் வரைக்கும் தாங்கும்'. அவ்வளவுதான், ஒரே வரி. சொல்லுவாள்ல?"

மறுத்திருக்கலாம். ஆனால் முதுகில் இன்னொரு தட்டு விழுந்தது. நானும் தலையாட்டினேன். மார்னியிடம் கேட்டபோது அவளும் உடனே சம்மதித்தாள். "நீ எழுதின வரியாப்பா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டாள்.

*

வாஃபிளுக்கு மறுநாள், புதன்கிழமை காலை, தண்ணீர் குடிக்க வந்த நான் ஃபிரிட்ஜ் கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். என் உள்ளாடையில் விண்வெளி நீர்நாய் படம் போட்டிருந்தது. கம்பெனி கிறிஸ்துமஸ் பரிசு. அந்தக் கோலத்தில் மகள் முன்னால் வர எந்தத் தகப்பனும் தயங்குவான்.

மார்னி என்னைப் பார்க்கவில்லை. கிறிஸ்துமஸ் பிஸ்கட்டுக்கு மாவு நிறுக்க ஹைடி வாங்கிய சின்னத் தராசை மேல் அலமாரியிலிருந்து எடுத்தாள். அதன்மேல் கிண்ணத்தை வைத்தாள். கோமெட் ரிங்ஸ் பெட்டியைச் சாய்த்தாள். வளையங்கள் விழுந்தன. எண்ணைப் பார்த்தாள். கிண்ணத்திலிருந்து ஒரு வளையத்தை எடுத்துப் பெட்டிக்குள் திருப்பிப் போட்டாள். மறுபடி பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். அதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், நிறுத்தி, அதையும் பெட்டிக்குள் போட்டாள்.

நாற்பது. சரியாக நாற்பது கிராம்.

பிறகு பெட்டியைத் திருப்பி, விலாப்பக்கம் தன்னைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு, அதைப் படித்தபடியே சாப்பிட்டாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கரண்டியால் கிண்ணத்தின் அடியைச் சுரண்டினாள். அதில் ஒன்றும் இல்லை என்பது எனக்கு அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. அவள் பெட்டியை ஒரு தரம் பார்த்தாள். பெட்டி 'போதும்!' என்றது. எழுந்து போய்விட்டாள்.

ஃபிரிட்ஜின் குளிர் முதுகில் ஏற நான் அங்கேயே நின்றேன்.

போதும் என்பது சாப்பிடுகிறவர் சொல்ல வேண்டிய சொல். உலகத்தில் எந்த வீட்டிலும் பரிமாறுகிறவர் அதைச் சொல்லக்கூடாது. சொன்னால் அதற்குப் பெயர் விருந்து இல்லை. இந்தச் சின்ன விஷயம் என் மூளைக்கு எட்டவில்லை. நான் பெருமையாக எழுதினேன், அவள் கட்டளையாகப் படித்தாள். ஒரே சொல்தான். எழுதும்போது கூடவே ஆச்சரியக்குறி வேறு போட்டிருந்தேன்.

அப்போதே வெளியே வந்து அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். உள்ளாடையைக் காரணம் காட்டி நான் வரவில்லை. உண்மைக் காரணம், அந்த நாற்பது எப்படிப் பிறந்தது என்று அவள் கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும்.

அன்று காலை நேராக கென்ட்டிடம் போனேன். மகளைப் பற்றிச் சொல்லத் துணிவில்லை. வாசகத்தைப் பற்றி மட்டும் பேசினேன்.

"அந்தப் 'போதும்' கொஞ்சம் இடிக்குது, கென்ட். சின்னப் பசங்க அப்படியே எடுத்துக்குவாங்க. 'ஒரு கிண்ணம் போதும், பசிச்சா இன்னொண்ணு'ன்னு மாத்தலாமா?"

கென்ட் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இன்னொண்ணா? இன்னொண்ணு சாப்பிட்டா சர்க்கரை ரெண்டு மடங்கு ஆயிடுமேப்பா."

"இப்ப மட்டும் யாரு ஒண்ணோட நிறுத்துறாங்க?"

"சாப்பிடட்டும். மூணு சாப்பிடட்டும், பெட்டியோட சாப்பிடட்டும். நாம சொல்லக்கூடாது. ஆரோக்கியம்னா அதுதான்."

"கூட ஒரு முட்டைன்னாவது..."

"நாம முட்டையா விக்கிறோம்?"

அத்தோடு கூட்டம் முடிந்தது. என் முதுகில் தட்டு விழவில்லை.

*

ஜூன் மாதம் இரண்டாவது சனிக்கிழமை எங்கள் ஊரில் நீள மேசை. முக்கியத் தெருவில் நீதிமன்றத்திலிருந்து ரயில் தண்டவாளம் வரை மேசைகளைச் சேர்த்துப் போட்டு, ஊரே உட்கார்ந்து சீரியல் சாப்பிடும். எல்லாம் கம்பெனி உபயம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மெதடிஸ்ட் சர்ச்காரர்கள் கூடாரம் அடித்து முட்டையும் பன்றி இறைச்சியும் பொரிப்பார்கள். கம்பெனிக்கு அது பிடிக்காது. ஆனால் கடவுளோடு சண்டை போட முடியாது.

அந்த வருடம் கிண்ணங்களுக்குப் பதில் காகிதக் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் நாற்பது கிராம் அளந்து போட்டு, மேலே என் வாசகத்தை அச்சடித்திருந்தார்கள். எங்களுக்கு எதிரில் உட்கார்ந்திருந்த தீயணைப்புக்காரர் தன் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது ருசி பாக்கக் குடுத்ததா, சாப்பாடு பின்னாடி வருதா?"

"இதுதான் சாப்பாடு," என்றேன்.

"யாருக்கு?" என்று கேட்டுவிட்டு, பக்கத்து நாற்காலிகளில் ஆள் வருவதற்குள் அவர்களுடைய நான்கு கோப்பைகளையும் கவிழ்த்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்கு முன் ஓட்டம் உண்டு. போன வருடம் பெண்களில் மார்னி முதலாவதாக வந்தாள். இந்த வருடம் நான் கயிற்றின் பக்கத்தில் நின்று எண்ணினேன். பதினாலாவதாக வந்தாள். ஜென்னாகூட முந்திவிட்டாள். கடைசி நூறு மீட்டரை மார்னி நடந்தே வந்தாள். ஒரு கை விலாவில், முகம் பாலைவிட வெளுப்பு. பசையைவிட என்று சொல்ல வேண்டும்.

"என்னாச்சு?" என்று ஓடினேன்.

"வெயில்," என்றாள். அன்று மேகமூட்டம்.

அதற்குள் கென்ட்டின் ஆட்கள் அவளை மேடைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். நீர்நாய் வேஷக்காரர் கையைப் பிடித்து ஏற்றினார். இரண்டாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கென்ட் ஒலிவாங்கியை நீட்டினார்.

"மார்னி! இப்பதான் ஓடி முடிச்சே. காலையில என்னம்மா சாப்பிட்டே?"

"ஒரு கிண்ணம் கோமெட் ரிங்ஸ்."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

அவள் சிரித்தாள். வரிசையான பல் எல்லாம் தெரிந்தது. "மதியம் வரைக்கும் தாங்கும்!" என்றாள். தடுமாற்றமே இல்லை. நான் எழுதிக்கொடுத்த இடத்தில், நான் எழுதிக்கொடுத்த ஆச்சரியக்குறியோடு.

கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். இரண்டாவது தட்டில் கை நின்றுவிட்டது. இந்த ஊரில் எத்தனையோ பேர் என் பொய்யைச் சொல்லியிருக்கிறார்கள். கடைக்காரர் சொல்லியிருக்கிறார், தொலைக்காட்சியில் அழகிகள் சொல்லியிருக்கிறார்கள், நீர்நாய்கூடச் சொல்லியிருக்கிறது. என் மகள் சொன்ன அளவுக்கு யாரும் அதை நம்பும்படி சொன்னதில்லை. இறங்கும்போது மேடையின் கம்பியை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

மேடைக்குப் பின்னால் காலிப் பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவற்றின் நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்தேன். நாற்பது நீர்நாய்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தன.

"நல்லாச் சொன்னேனாப்பா?"

"ரொம்ப நல்லாச் சொன்னே. அதான் பயமா இருக்கு." எழுதிப் பிழைப்பவனுக்கு எழுதாமல் பேசுவது கஷ்டம். "மார்னி, நீ தராசுல நிறுக்கறதைப் பாத்தேன்."

அவள் முகம் மூடிக்கொண்டது. "நல்லாத்தான்..."

"இரு. முதல்ல நான் ஒண்ணு சொல்லிடறேன். அந்த நாற்பது கிராம் எப்படி வந்துச்சுன்னு தெரியுமா?"

"நிபுணருங்க சொல்லியிருப்பாங்க."

"நிபுணரு நான்தான். நானு, கென்ட்டு, அப்புறம் ஒரு டப்பா டோனட்டு."

அவள் தலையைத் திருப்பினாள்.

"சீரியல் கனமா இருந்தா, ஒரு பரிமாறல் அறுபது கிராம்னு பெட்டியில போடணும். அது விதி. லேசா இருந்தா நாற்பது போட்டுக்கலாம். நம்மது கனம். அறுபதுக்குச் சர்க்கரை பதினெட்டு வந்துச்சு. பாத்தா வாங்க மாட்டாங்க. அதனால வளையத்துக்குள்ள காத்தடிச்சோம்."

"காத்தா?"

"காத்துதான். உப்பிப்போய் லேசாயிடுச்சு. அறுபது நாற்பதாச்சு. சர்க்கரை பன்னிரண்டாச்சு. எல்லாரும் கைகுடுத்துக்கிட்டோம்."

"அப்ப சர்க்கரையைக் குறைக்கலையா?"

"கிண்ணத்தைக் குறைச்சோம்."

மார்னி பக்கத்திலிருந்த ஒரு காலிப் பெட்டியை எடுத்து விலாவைத் திருப்பினாள். 'ஒரு கிண்ணம் போதும்!' கட்டைவிரலால் அந்த வரியைத் தடவினாள். ஐந்து வயதில் எழுத்துக்கூட்டும்போது தடவுவாளே, அதே மாதிரி.

"நீ எவ்வளவு சாப்பிடுவேப்பா?"

"மூணு கிண்ணம். ஞாயித்துக்கிழமை நாலு."

"கென்ட்?"

"கென்ட் அதைத் தொடவே மாட்டாரு. வீட்ல முட்டைதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் போய்விட்டது.

"அப்ப நாற்பது கிராம் யாருக்குத்தான் போதும்?"

"பெட்டிக்கு."

வெளியே கென்ட் யாரையோ மேடையில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தண்டவாளத்துப் பக்கமிருந்து காற்று திரும்பியது. பொரிகிற இறைச்சியின் மணம் பெட்டிகளுக்கு நடுவே புகுந்து வந்தது. மார்னியின் மூக்கு அந்தப் பக்கம் திரும்பியது. அவளுக்கே அது தெரியவில்லை.

"அப்பா."

"சொல்லு."

"ஒருத்தி அதைச் சரியா அளந்து சாப்பிட்டும், எல்லாருக்கும் போதுற அளவு அவளுக்கு மட்டும் போதலைன்னா," என்று இழுத்தாள். பெட்டியிடம்தான் பேசினாள், என்னைப் பார்க்கவில்லை. "பக்கத்துல ஓடுறவங்க எல்லாம் லேசா இருந்தாத்தான் வேகம்னு சொல்றப்ப, அவளுக்கு மட்டும் எந்நேரமும் தின்னணும் போல இருந்துச்சுன்னா. அவகிட்ட ஏதோ கோளாறுன்னுதானே அர்த்தம்?"

"இல்லடா கண்ணு. அவகிட்ட ஒரு கோளாறும் இல்ல. அந்த வரியை எழுதினவன்கிட்டதான் கோளாறு."

அவள் பெட்டியைத் தட்டையாக அமுக்கினாள். உள்ளேயிருந்து கொஞ்சம் காற்று வந்தது.

எனக்கு ஹைடி சொன்னது ஞாபகம் வந்தது. வாயில் வந்து நின்ற 'பசிக்கலையே'யை விழுங்கினேன். பதிலைப் போட்டு அனுப்பாமல், ஒரு கேள்வியை வெறுமனே கேட்பது எத்தனை பயமான காரியம் என்று அப்போதுதான் தெரிந்தது. எதுவும் திரும்பி வரலாம்.

"மார்னி, பசிக்குதா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பசிக்குதுப்பா," என்றாள்.